மூன்றாவது அட்டை

பேருந்தில் முன் இருக்கைப் பெண், "இனிமே அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கைப்பேசியில் சொல்லி முடிப்பதற்குள் அகராதிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை உருவிவிட்டார். பெண். வயது முப்பதுக்குள். மடியில் மருந்துக்கடைப் பை. காலை ஒன்பது இருபது. அவள் குரல் உடைந்ததையும், பேச்சு முடிந்த பிறகும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்ததையும் அவர் கவனிக்கத்தான் செய்தார். ஆனால் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. எழுதி முடித்துப் பேனாவின் மூடியைத் திருகி நிமிர்ந்தபோது அவர் இறங்க வேண்டிய இடம் இரண்டு நிறுத்தங்களுக்குப் பின்னால் போயிருந்தது. இது வாரத்தில் மூன்று நாள் நடப்பது. திரும்பி நடக்கிற தூரத்தில் இன்னும் இரண்டு அட்டை தேறும் என்பதால் அவருக்கு அதில் வருத்தமில்லை.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பெரிய அகராதி ஒன்றின் திருத்திய பதிப்பில் அவர் துணையாசிரியர். இருபத்தாறு எழுத்துள்ள மொழி. இருபத்தாறு வருட உழைப்பு. இப்போது ஆறாவது எழுத்தில் நிற்கிறது. இந்தக் கணக்கை அலுவலகத்தில் எல்லோரும் மனத்துக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உரக்கச் சொன்னவர் யாருமில்லை.

அந்த அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பண்டிதர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்து ஒரு தமிழ்ச்சொல்லைச் செய்து போட்டுவிட முடியாது. ஒரு பொருள் உள்ளே வர வேண்டுமானால், அது நம் ஆட்கள் மூன்று பேரிடம் நிஜமாகவே நடமாடுவதைக் காட்ட வேண்டும். சொன்னதாக இருக்கலாம், செய்ததாக இருக்கலாம். ஆளுக்கு ஓர் அட்டை. மூன்று அட்டை சேர்ந்தால் அது பொருள். இரண்டோடு நின்றால் குப்பைக்கூடை. அட்டையில் யாருடைய பெயரும் வரக்கூடாது. வயது, தொழில், உறவு, நாள், இடம், அவ்வளவுதான். "பேர் போட்டா கதையாயிடும்யா. நமக்கு வேண்டியது சாட்சி" என்பார் பதிப்பாசிரியர். கொண்டுவந்த பக்கங்களில் பாதியை வெட்டித் திருப்பித் தருவதால் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

அகராதிக்காரருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மேகமூட்டம். மழையும் பெய்யாது, வெயிலும் வராது. சிரிப்பு வரும் இடத்தில் இருமுவார். சிரிப்பைக் குறிக்கும் ஆங்கில வினை ஒன்றுக்குப் பதினான்கு பொருள் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த நாற்பத்திரண்டு அட்டைகளில் ஒன்றுகூட அவரால் சாத்தியமானதில்லை என்று டைப்பிஸ்ட் அம்மா சொல்வார். பேனா விஷயம் இன்னும் பிரபலம். மூடியில் விரிசல் விட்டு, அதன்மேல் கறுப்பு நூல் சுற்றிய மைப்பேனா. யார் கேட்டாலும் தரமாட்டார். "என்ன எழுதணும், சொல்லுங்க, நான் எழுதித் தரேன்" என்பார். இதனால் அந்த மாடியில் இருக்கும் ஒன்பது பேரின் விடுப்பு விண்ணப்பங்களும் ஒரே கையெழுத்தில் இருக்கும். ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுவலி என்று அவர் எழுதிக் கொடுத்த சம்பவமும் உண்டு.

சந்தேகம் அவருடைய தொழில் என்றே சொல்லலாம். 'டெஸ்க்' என்றால் மேசைதான் என்பதற்குக்கூட மூன்று பேரைத் தேடிப் போனவர். அப்படிப்பட்டவர் ஒரு மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை நம்பிவிட்டதுதான் இங்கே சொல்ல வந்தது.

அந்தச் சொல் ஃபே (fey). இன்றைக்கு அதை அந்த மொழிக்காரர்கள் கொஞ்சம் கனவில் மிதக்கிற, தரையில் கால் பாவாத ஆட்களுக்குச் சொல்கிறார்கள். பூப்போட்ட கவுன் விளம்பரத்தில்கூட வருகிறது. கத்தரிக்கு அது போதும். அகராதிக்காரருக்குப் போதவில்லை. அடித்தட்டு வரை தோண்டிப் பார்த்தார். பழைய ஆங்கிலத்தில் கவுனும் இல்லை, கனவும் இல்லை. சாவு குறித்துவிட்ட ஆள் என்பது ஒன்றுதான் பொருள். நோயாளிக்கு அதைச் சொல்வதில்லை. செத்தவனுக்கும் சொல்வதில்லை. திடமாக நடந்து போகிறவனைப் பார்த்துச் சொல்வது. சண்டைக்குப் புறப்படும் கூட்டத்தில் யார் யார் திரும்பமாட்டார்களோ அவர்கள் வாசலைத் தாண்டும்போதே ஃபே. வாள் விழுவதற்கு முன்பே சொல் விழுந்துவிடும். பிற்பாடு ஆங்கிலம் பிறந்த தீவின் வடக்குப் பக்கத்து மக்கள் இதற்கு ஓர் அடையாளமும் சேர்த்தார்கள்: அப்படிக் குறிக்கப்பட்டவன் திடீரென்று தன் குணத்துக்கு நேர்மாறாக நடப்பான். கஞ்சன் வாரிக் கொடுப்பான். சிடுமூஞ்சி பாடுவான். காரணமே இல்லாத ஒரு சந்தோஷம் வந்து அவன்மேல் உட்காரும். சுற்றி இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு இந்தச் சொல்லைச் சொல்வார்கள்.

"இதென்ன சார், பேயா?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. அட்டைகளைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை; எந்தச் சொல்லையும் கிண்டல் செய்யாமல் ஏற்றமாட்டார்.

"பேய் செத்ததுக்கு அப்புறம். இது அதுக்கு முன்னாடி."

"சாக்களைன்னு போட்டுட வேண்டியதுதானே?"

"சாக்களைன்னா வாடின முகம். இது மலர்ந்த முகம்மா."

டைப்பிஸ்ட் அம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எதுக்கு சார் காலங்காத்தால" என்று மட்டும் சொன்னார்.

அணையப்போகிற விளக்கை வைத்து நம்மவர்கள் சொல்லும் அந்தப் பழைய உவமையை அகராதிக்காரர் எழுதிப் பார்த்தார். கத்தரி அதைக் குறுக்கே அடித்துவிட்டார். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு ஆள் வேணும். சிரிச்சுக்கிட்டே செத்துப்போன மூணு ஆளு. கொண்டாந்தா போடலாம். இல்லேன்னா கவுனோட நிறுத்திக்கலாம்."

முதல் ஆள் அகராதிக்காரரின் நினைவிலேயே இருந்தார். கட்டடத்து லிஃப்ட்காரர். முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்துபவர். பத்தொன்பது வருடத்தில் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை, சொன்ன வணக்கத்தைத் திருப்பியதும் இல்லை. போன வருடம் ஒரு திங்கட்கிழமை அவர் எழுந்து நின்றுகொண்டு, "வாங்க வாங்க, பொண்ணு பரீட்சையெல்லாம் எப்படி எழுதினா?" என்று ஒவ்வொருவராக விசாரித்தார். முக்காலியை இரண்டாம் மாடியின் வயதான காசாளருக்குக் கொடுத்துவிட்டார். "நின்னுக்கிட்டிருக்கிறது இவ்வளவு சுகம்னு இத்தனை நாளா தெரியலைங்க" என்று சிரித்தார். எல்லோருக்கும் அன்று முழுவதும் மனம் லேசாக இருந்தது. வியாழக்கிழமை காலை லிஃப்ட் கீழ்த்தளத்தில் கதவு திறந்தபடி நின்றது. வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஆண், ஐம்பத்தெட்டு, லிஃப்ட் இயக்குபவர். முதல் அட்டை.

இரண்டாவது ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சொல் மேசைக்கு வந்த பதினோராம் நாள் அவராகவே வந்தார்.

மெய்ப்புப் பார்ப்பவர் அவர். சிவப்பு மை என்பார்கள். ஒரு காற்புள்ளி சாய்ந்திருந்தால் பக்கத்தையே திருப்பி அனுப்புகிறவர். தன் மகளின் திருமண அழைப்பிதழில் நான்கு திருத்தம் போட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பியவர். அன்று மாலை அவர் மேசையிலிருந்து வந்த அச்சுத்தாளில் ஒரு சிவப்புக்கோடுகூட இல்லை. மேல் ஓரத்தில் மட்டும் சின்ன எழுத்தில் 'அழகு' என்று எழுதியிருந்தது. அகராதிக்காரர் தாளோடு போய் நின்றார்.

"என்ன சார், ஒண்ணும் திருத்தலையா?"

"எதைத் திருத்தணும்? எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார் சிவப்பு மை. ஜன்னலைக் காட்டினார். "அங்க பாருங்க, வெயில் எப்படி அடிக்குதுன்னு. இத்தனை வருஷம் இதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன், முட்டாள்."

அதிலிருந்து எட்டாம் நாள், பேருந்தில், கடைசி நிறுத்தம் வந்த பிறகும் ஒருவர் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓட்டுநர் தோளைத் தொட்டிருக்கிறார். ஜன்னலோர இருக்கையாம். அந்த அச்சுத்தாளில் பதினேழு பிழைகள் இருந்தன. யாரும் திருத்தவில்லை. கத்தரிகூட அதைத் தொடாமல் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

டைப்பிஸ்ட் அம்மா அந்த இரண்டு அட்டைகளையும் கிண்டல் செய்யாமல் ஏற்றினார். அகராதிக்காரர் மூன்றாவது அட்டையை எடுத்து, மேலே சொல்லை எழுதி, எண் போட்டு, இழுப்பறையில் வைத்தார். வெற்று அட்டை காத்துக் கிடப்பது அங்கே புதிதல்ல. இழுப்பறை முழுவதும் அதுதான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவர் குப்புற வைத்தார்.

வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இரண்டு அறை. வாசல் பக்கத்து அறையில் அக்காவின் தையல் மிஷின். புதுத்துணி தைப்பதில்லை, பெரியதைச் சிறியதாக்குவது, கிழிந்ததை மூடுவது, இடுப்பைத் தளர்த்துவது. "ஊருல எவனும் அளவா இருக்கறதில்ல" என்பது அக்காவின் கருத்து. அகராதிக்காரருக்கு ஐம்பத்தேழு, அக்கா நாலு வயது மூத்தவள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. முதலில் அவளுக்கு ஆகட்டும் என்று இவர் காத்திருந்தார். அது நடக்காமலே போனபோது இவருக்கும் பழகிவிட்டது.

அக்காவின் கோபத்துக்கு நேர அட்டவணை உண்டு. ஆறரைக்குப் பால்காரர். ஏழரைக்குக் குழாய்த் தண்ணீர். எட்டுக்குத் தம்பி. "டீ வச்சிருக்கேன். ஆறிப்போனா நான் பொறுப்பில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு மிஷினில் உட்காருவாள். பதினோரு வருட முட்டிவலியோடு மிதிப்பதால், தடதட, ஒரு நிறுத்தம், ஒரு "அப்பாடா", மறுபடி தடதட. இந்தத் தாளத்தில்தான் அகராதிக்காரர் தினமும் கண் விழிப்பார். வீட்டில் அவர் அட்டை எடுப்பதில்லை. முப்பது வருடமாக ஒரே பேச்சு. புதிதாக என்ன தேறிவிடப் போகிறது என்று காதை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவார்.

சிவப்பு மை போன ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஏதோ குறைவது போலிருந்து அவர் விழித்தார். தடதட இல்லை. அந்த நிசப்தத்துக்குள் மெல்லிய நூல்போல ஒரு முனகல் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். அக்கா மிஷினில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள். வார்த்தையில்லாமல், மூடிய வாய்க்குள், தலையை லேசாக ஆட்டியபடி.

நின்றிருப்பது தெரிந்து திரும்பினாள். பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். வாய் நின்ற பிறகும் அறையில் அந்த முனகல் இன்னும் ஒரு கணம் ஓடிவிட்டுத்தான் நின்றது.

"டீ போட்டு வச்சிருக்கேன்டா. சூடா குடி."

அகராதிக்காரர் குடித்தார். டம்ளர் பல்லில் இடித்தது.

அதற்குப் பிறகு வரிசையாக நடந்தது. பால்காரர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, "இன்னைக்கு அக்கா ஒண்ணும் சொல்லலியே, உடம்பு சரியில்லையா?" என்று படியில் அவரை நிறுத்திக் கேட்டார். முப்பது வருடமாகச் சேர்த்த பொத்தான் ஜாடியை அக்கா எதிர்வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள். நீலத்துணி ஒன்றை விரித்துப் போட்டு வெட்டினாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "எனக்குத்தான்" என்றாள். துணி வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, "முகத்துல என்ன ஒரு களை வந்திருக்கு உங்களுக்கு!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அகராதிக்காரர் கதவுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"போய் டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? சந்தோஷமா இருக்கான்னா?"

யோசித்துப் பார்த்ததில் அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அக்காவை எப்படியாவது பழைய அக்காவாக்கிவிட வேண்டும். கோபம் வந்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தம். தைத்து மடித்து வைத்த துணிமேல் ஈரத்துண்டைப் போட்டார். "விடுடா, துணிதானே, காஞ்சிடும்." அளவு நாடாவை ஒளித்து வைத்தார். "எங்கயாவது இருக்கும். இல்லேன்னா வேற வாங்கிக்கறேன்." சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளினார். "அப்படியா? நாளைக்குக் குறைச்சுடறேன்."

வாழ்நாளில் யாரையும் நோகடிக்காதவர் வியாழக்கிழமை சாயங்காலம் அதையும் செய்தார். "உனக்குக் கல்யாணம் ஆகாததுக்கு உன் வாய்தான் காரணம்னு ஊரே பேசுது" என்றார்.

அக்காவின் ஊசி நின்றது. அவள் துணிமேல் குனிந்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார்.

"ஊருக்கு இது தெரியறதுக்கு முப்பது வருஷமாச்சா?" என்று சிரித்தாள். "போடா, போய்க் கைகால் கழுவு."

அன்று அவர் சாப்பிடவில்லை. சமையலறைக்குள் பாத்திரம் விழுந்தாலும் ஓடிப்போய்ப் பார்த்தார். அவள் இரவில் கண்ணயர்ந்தால் எதிரில் உட்கார்ந்து மூச்சு ஏறி இறங்குகிறதா என்று எண்ணினார்.

வெள்ளிக்கிழமை கத்தரி கூப்பிட்டார். திங்கட்கிழமை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது. "மூணாவது என்னாச்சு?"

"கிடைக்கலை சார். அந்தப் பொருளை விட்டுடலாம்."

கத்தரி கண்ணாடியைக் கழற்றினார். "கிடைக்கலையா, கிடைச்சும் எழுதலையா?"

இருபத்தாறு வருடத்தில் கண்டதை எழுதாமல் விட்டதில்லை. காணாததை எழுதியதும் இல்லை. அகராதிக்காரர் தன் மேசைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தார். எழுதாவிட்டால் பொய். எழுதினால் அது வெறும் அட்டை. அட்டை யாரையும் கொல்லாது. இப்படி ஒரு வாதத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குப்புறக் கிடந்த அட்டையைப் புரட்டினார். பெண், அறுபத்தொன்று, துணி திருத்துபவர், அக்கா. எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். கடைசியில் 'முடிவு' என்று எழுதி, முன் இரண்டு அட்டைகளில் தேதி இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். கத்தரியிடம் கொடுக்கக் கை வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அகராதி செய்கிறவர்கள் செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டென்றால் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் துணி துவைக்கிற நாள்.

"டேய், இங்க வா."

அக்கா வாளிக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். அட்டையைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். "பெண். அறுபத்தொண்ணு. அறுபதுடா! அறுபத்தொண்ணு அடுத்த மாசம்தான். சுபாவம், சிடுசிடுப்பு. செவ்வாய் காலை முதல் காரணமில்லாத மகிழ்ச்சி. வாய்க்குள் பாட்டு. பொத்தான் தானம். வசவுக்குச் சிரிப்பு. முடிவு..." அட்டையைத் தாழ்த்தினாள். "இதென்னடா, முடிவுன்னு போட்டுக் கோடு இழுத்து வச்சிருக்க?"

அவர் சொன்னார். லிஃப்ட்காரரைச் சொன்னார், சிவப்பு மையைச் சொன்னார், வடக்குப் பக்கத்து மக்களைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அலுவலகத்தில் இருந்ததைவிடச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

அக்கா குழாயை இறுக்கி மூடினாள்.

"அடப்பாவி" என்று ஆரம்பித்தாள். "முட்டிவலி போச்சுடா எனக்கு! பதினோரு வருஷ வலி. திங்கக்கிழமை நீ ஆபீஸ் போனதும் அடுத்த தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு மிஷினுக்கு மோட்டார் மாட்டினேன். கால் மிதிக்க வேணாம், பொத்தானைத் தொட்டா ஓடுது. மறுநாளே வலி பாதியாச்சு, இந்த அஞ்சு நாள்ல ஓடியே போச்சு. வலி போனா மனுஷி பாட மாட்டாளா? அதுக்குச் சாவணுமா? பஸ்ல எவ எவனைத் திட்டினாலும் காதை நீட்டிக்கிட்டுப் போவ. வீட்டுக்குள்ள மிஷின் சத்தம் மாறினது உனக்குத் தெரியல! நிமிர்ந்து ஒரு தடவை மிஷினைப் பார்த்தியா? என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்ன, பிணத்தைப் பார்க்கறாப்ல! இரு... அப்போ ஈரத்துண்டு? அளவு நாடாவை ஒளிச்சது நீதானா? அந்தக் கல்யாணப் பேச்சு? அகராதி புடிச்சவன்னு சும்மாவா சொல்றாங்க!"

அட்டை வாளித் தண்ணீரில் விழுந்தது, டீ டம்ளர் சுவரில். அதைத் தொடர்ந்து சோப்பு டப்பா. அகராதிக்காரர் குனிந்தார். அவள் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, புருவம் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. முப்பது வருடமாகப் பார்த்த அதே முகம். அதைவிட அழகான முகத்தை அவர் பார்த்ததில்லை.

முதலில் இருமல்போலத்தான் வந்தது. பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். கண்ணீர் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "முட்டி! முட்டி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அக்கா அடுத்து எறிய எடுத்த துணி தேய்க்கும் பிரஷ்ஷைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தேழு வருடத்தில் தம்பியின் கடைவாய்ப்பல்லை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போதும்டா" என்றாள். சற்றுப் பொறுத்து, "சிரிக்காதடா. நல்லா இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை அவர் கிளம்பும்போது மிஷின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அக்கா பாடவில்லை. "சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னாள். ஜன்னலுக்கு வந்து தெரு முனைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிக் கையசைத்தார். அப்படிச் செய்தது அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

பேருந்தில் மருந்துக்கடைப் பைக்காரப் பெண் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அகராதிக்காரர் எழுந்து ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார். "உக்காரும்மா. காத்து நல்லா வருது" என்றார். பின்னால் ஒருவர் இன்னொருவரை அருமையான ஒரு வார்த்தையால் திட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த வார்த்தை. கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி ரசித்தார். அட்டையை எடுக்கவில்லை. சரியான நிறுத்தத்தில் இறங்கினார். வெயில் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கண்ணாடியில் பட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை நின்று பார்த்தார்.

லிஃப்டில் யாரும் உட்காராத முக்காலி திரும்ப வந்து கிடந்தது. அதற்கும் ஒரு வணக்கம் போட்டார்.

"வாங்கம்மா, வாங்க!" என்று அவர்தான் டைப்பிஸ்ட் அம்மாவை வரவேற்றார், அந்த அம்மா ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தபோதிலும். "பையனுக்கு ஜுரம்னீங்களே, எப்படி இருக்கான்?"

"தேவலை சார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. பையனுக்குக் காய்ச்சல் வந்தது நான்கு மாதத்துக்கு முன்பு.

"அந்தப் பொருளை எடுத்துடலாம்மா. மூணாவது சாட்சி இல்லை. அக்கா ஜம்முனு இருக்கா. டம்ளரை எறிஞ்சா பாருங்க, நூல் அளவுல தப்பிச்சேன்!" முட்டிவலிக் கதையை அவர் சொன்ன விதத்தில், அடுத்த அறையில் கத்தரிகூட என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சொல்லி முடித்து, சோப்புத் தண்ணீரில் ஓரம் நைந்துபோயிருந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அக்காவைப் பற்றிய வரிகளில் மை கரைந்து போயிருந்தது. மேலே சொல்லும், பக்கத்தில் எண்ணும், கீழே அந்தக் கோடும் அப்படியே இருந்தன.

"இந்தாங்க, நீங்களே அடிச்சுடுங்க" என்று சொல்லி எதையோ நீட்டினார்.

டைப்பிஸ்ட் அம்மா கையை உயர்த்தினார். பாதியில் நிறுத்தினார். அவர் முன்னால் நீண்டிருந்தது மூடியில் கறுப்பு நூல் சுற்றிய பேனா.

"கம்ப்யூட்டர்ல அழிச்சாப் போதும் சார்."

"அட, பிடிங்கம்மா. நல்லா எழுதும். நீங்களே வச்சுக்குங்க, எனக்கெதுக்கு?"

டைப்பிஸ்ட் அம்மா பேனாவைப் பார்க்கவில்லை. அகராதிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன் இரண்டு அட்டைகளையும் ஏற்றியவை அவர் விரல்கள்தான்.

"சார்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அகராதிக்காரர் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தப் பார்வை தன் முகத்தில் எங்கே நிற்கிறது என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. மற்றக் கையைத் தூக்கி, காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, புறங்கையால் தன் உதட்டோரத்தைத் தொட்டுப் பார்த்தார்.